வரிசையில் விட்ட இடம்

விடிந்ததும் ரசலையன் முற்றத்துக் கருமணலில் போய் நின்றான். நாக்கை நீட்டினான். கண்ணிமையை விரலால் இழுத்துக் காட்டினான். எதிரே யாருமில்லை. அவனுக்குப் பின்னால், இடையில் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு, எட்டு வயது நேசபாய் நின்றாள். அவளும் நாக்கை நீட்டினாள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஆள்குறைத்து அப்பனையும் மகளையும் திருப்பி அனுப்பிப் பதினைந்து நாளாகிறது. தினமும் இதேதான். நேற்றிலிருந்து மகள் கஞ்சியும் தொடவில்லை.

வேலிக்கு அப்பால் நாகம்மை சிரித்தாள். "ஏட்டி விக்டோரியா, ஒனக்க மாப்பிள பட்டாளத்துல சேந்துட்டாரா?"

விக்டோரியா முற்றத்தில் இறங்கினாள். மூன்று வருடத்துக்கு முன் இலங்கைக்கு ஏறுமுன் நோய் பார்க்கும் கப்பல்துறை முகாமில் அவளும் இதே வரிசையில் நின்றவள்தான். கண்ணில் நோய் என்று டாக்டர் அவளை மட்டும் பிரித்து ஊருக்கு ரயிலேற்றினார். மற்ற மூவர் கழுத்திலும் எண் அடித்த தகரம் தொங்கியது. அந்த வாரமே சின்ன மகன் யோவான் முகாமில் காய்ச்சலில் போய்விட்டான். அவளுக்குக் கடிதம்தான் வந்தது.

"வா மக்கா, கஞ்சி குடி."

"நம்பர் விளிக்கல்லியே அம்மா."

விளித்தால் தீர்ந்தது! மகள் தூக்கத்தில் உளறும் எண்கள் அவளுக்கும் மனப்பாடம். குரலைக் கடுமையாக்கினாள்.

"நானூத்திப் பதினொண்ணு!"

ரசலையன் கையை இறக்கிவிட்டு வீட்டுக்குள் நடந்தான். விக்டோரியாவுக்கு உயிர் வந்தது.

"நானூத்திப் பதிமூணு!"

நேசபாய் அசையவில்லை. "தம்பி இன்னும் போகல்லியே. அவனத் தாண்டிப் போனா அடிப்பாவ."

விக்டோரியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நானூத்திப் பன்னிரண்டு."

நடைபாதையில் கொத்திக்கொண்டிருந்த கோழிகள் சடாரென்று இருபுறமும் விலகின. நேசபாயின் கண் எதையோ பின்தொடர்ந்து வாசல்வரை போனது. பிறகு சின்னச் சின்ன அடியாக வைத்து உள்ளே போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. கொண்டி விழுந்தது.

"தொறங்க, நாந்தான்!"

"நம்பர் சொல்லு." அடுப்பங்கரையிலிருந்து ரசலையன்.

"எனக்கு ஏது நம்பரு? நான் ஒங்க விக்டோரியால்லா!"

உள்ளே கிண்ணம் நகரும் ஓசை. மகள் கஞ்சி குடிக்கிறாள்! "ஊதிக் குடிலே, சுடும்," என்று யாரிடமோ சொல்கிறாள்.

"நம்பர் இல்லாட்டா ரயிலேத்திருவாவ," ரசலையன் கெஞ்சினான். "சொல்லிரு பிள்ளே."

விக்டோரியா கதவில் நெற்றியைச் சாய்த்தாள்.

"நானூத்திப் பதினாலு."

"அவ வரட்டும்," என்றான் ரசலையன். குரல் அடுப்பங்கரையிலிருந்துதான் வந்தது. மகளும் அங்கேதான் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

கதவுக்குப் பின்னால் கொண்டி மெல்ல விலகியது.