விளக்கினோம், சரி என்றார்

விபத்தில் என் அண்ணனுக்குத் தலையில் அடிபட்டு நான்கு வருடம் ஆகிறது. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: "சரி." பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றாலும் சரி. ஒரு காலத்தில் லாரி ஷெட்டில் ஐம்பது டிரைவர்களை வாயாலேயே விரட்டி வேலை வாங்கிய மனிதர்.

அன்று அவரைச் சேர்த்திருந்த காப்பகத்துக்குப் போனபோது, பட்டப்பகலில் அவருடைய இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு பெல்ட்டால் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. நேராக மேலாளர் அறைக்குப் போனேன்.

"யாரைக் கேட்டுக் கட்டினீங்க?"

அந்த அம்மாள் பதறவே இல்லை. ஃபைலைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். 'கட்டிவைப்பது பற்றி விளக்கினோம். சரி என்றார்.' கீழே தேதி, கையெழுத்து, முத்திரை. முத்திரைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

"அவரையேதான் கேட்டோம். எழுந்து எழுந்து நடக்கிறாரு. விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?"

"கொஞ்சம் வாங்க மேடம்."

கட்டிலருகே கூட்டிப்போய் நானே கேட்டேன். "அண்ணா, இந்த மேடத்தைப் பக்கத்துக் கட்டில்ல கட்டிப் போடட்டுமா?"

"சரி," என்றார் அண்ணன், வெகு பிரியமாக.

துணி மடித்துக்கொண்டிருந்த ஆயா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"இதையும் எழுதிக்கலாமா, விளக்கினோம், சரி என்றார்னு? புரிஞ்சு முடிவெடுக்க முடியாதவரைக் கட்டணும்னா கோர்ட்ல அனுமதி வாங்கணும். தெரியாதா உங்களுக்கு?"

தெரியாமல் என்ன? அந்த விதிகளைத்தான் வாசலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். மேடம் விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்விட்டார்.

பெல்ட்டை அவிழ்த்தேன். "வீட்டுக்குப் போலாமாண்ணா?"

"சரி."

ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிஷம் சுருக்கென்றது. இந்தச் சரியை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டால் எனக்கும் அந்த அம்மாளுக்கும் என்ன வித்தியாசம்?

மறுநாள், அவரைக் கட்டக் கூடாது என்று கேட்கும் கோர்ட் மனுவோடு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். 'அவரது விருப்பம்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ஆயா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"பெல்ட்டைக் கண்டாலே சரி சரின்னுவாரும்மா. ஆனா கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்குவாரு. நாங்கதான் இழுத்துக் கட்டுவோம்."

அவள் சொன்னதை அப்படியே அந்தக் கட்டத்தில் எழுதினேன். "சாட்சின்னு யார் பேரைப் போடுறது?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் பிழைப்பே அங்கேதான்.

மேடத்தின் அறைக் கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினாள்.