கள்ளிப்பழச் சிவப்பு

ரோட்டை மறித்த மூன்றாம் நாள் காலையில், வேலியோரம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்த டேவிட், "ப்பா, செவப்பா வருது" என்று கூப்பிட்டான்.

கிறிஸ்துதாஸ் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தான். பையன் எதையாவது உளறுவான் என்று நினைத்துத்தான் எழுந்து போனான். போய்ப் பார்த்தால் மண்ணில் நுரை கட்டி நின்றது, கறி கழுவின தண்ணீர் மாதிரி. ஈரக்கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றான்.

"வயிறு வலிக்குதா?"

"வலிக்குது."

"இன்னாடா துன்ன?"

ஐந்து வயசுப் பையன் அக்காவைப் பார்த்தான். வாசலில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏஞ்சலின் தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் துன்னலப்பா" என்றாள்.

அந்த வாரம் எதுவும் ஓடவில்லை. தங்கள் சாதிக்கு ஒதுக்கீடு கேட்டு ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற ரோட்டில், நிழலுக்கு நின்ற புளியமரங்களையெல்லாம் அறுத்துக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கரும்புக்கொல்லையில் களை வேலையும் இல்லை. தங்கச்சி பிரசவத்துக்குத் திருநாவலூர் போன அவன் பெண்டாட்டி ரீத்தா அங்கேயே மாட்டிக்கொண்டாள். காலனியில் ஆம்பளைகள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு வீட்டோடு கிடந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் ரோட்டுப் பக்கம் போய் எவன் கண்ணிலும் படக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைகளை அவன் ஒருத்தன்தான் பார்த்துக்கொண்டான். ரீத்தா இருந்தால் இது ஆகியிருக்காது என்று ஒரு மனசு சொன்னது. ரீத்தாவால்தான் இது ஆனது என்று இன்னொரு மனசு சொன்னது.

அவள் பழக்கம் அப்படி. கல்வராயன் மலையடிவாரத்தில் விறகு பொறுக்கி வளர்ந்தவள். வேலை முடிந்து வரும்போது மடியில் நாலு தழையைக் கட்டிக்கொண்டு வருவாள். அடுப்பு எரிகிற நேரத்தில் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு தழையைக் கசக்கி மூக்கில் காட்டுவாள். "நொச்சி." "தும்பை." "ம்மா, இது ஆடாதொடை." சரியாகச் சொன்னால் ஒரு கிள்ளு வெல்லம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வாய்க்கால் மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாள். சூரைப்பழம், காரப்பழம், இலந்தை. எது தின்னலாம், எது தொடக்கூடாது என்று நடந்துகொண்டே சொல்லுவாள்.

கிறிஸ்துதாசுக்கு அது அறவே பிடிக்காது. "புள்ளைங்கள வளக்கறியா, ஆடு மேய்க்கறியா?" என்பான். "ஆடுகூட மோந்து பாத்துதான் துன்னும். ஒன் புள்ளைங்க அதுகூடத் தெரியாம வளரணுமா?" என்பாள் அவள்.

அவனுக்குக் காரணம் இருந்தது. சின்ன வயசில் ஆத்தாவும் அப்பனும் நடவுக்குப் போயிருந்த ஒரு நாள், அவன் தம்பி அரளிக்கொட்டையை உடைத்துத் தின்றுவிட்டான். கூட விளையாடிக்கொண்டிருந்தவன் கிறிஸ்துதாஸ்தான். அது என்ன கொட்டை என்று இரண்டு பேருக்கும் தெரியாது. வண்டி கட்டிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே தம்பி அடங்கிப்போனான். அதற்கப்புறம் கொல்லையில் காய்த்த எதையும் கிறிஸ்துதாஸ் வாயில் வைத்ததில்லை. கடையில் விற்கிற வாழைப்பழம் தின்பான். ரீத்தா ஊருக்குப் போன அன்றைக்கே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லியிருந்தான். "வெளிய எதையாவது வாயில வெச்சீங்கன்னு தெரிஞ்சிது, தோல உரிச்சிருவன்."

சைக்கிளை எடுத்தான். டேவிட்டை முன்கம்பியில் துண்டை மடித்து உட்காரவைத்தான். ஏஞ்சலின் பின்னால் ஏறிக்கொண்டாள். ரோட்டுக்குப் போகாதே என்று பக்கத்து வீட்டுத் தைலம்மாள் கத்தியது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

முதல் இரண்டு மரத்தருகிலும் ஆள் இல்லை. பிள்ளைகளை இறக்கி, சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டினான். தோளில் கம்பி அழுத்தியது வலிக்கக்கூட இல்லை. "வலி ஜாஸ்தியாவுதா, கம்மியாவுதா?" என்று பையனைக் கேட்டுக்கொண்டே மிதித்தான். "அப்டியே கீதுப்பா." முதுகுக்குப் பின்னால், அவன் சட்டையைப் பிடித்திருந்த ஏஞ்சலினின் பிடி இறுகிக்கொண்டே வந்தது.

மூன்றாவது மரம் பெரியது. அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக அடுப்பு மூட்டி அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது.

"டேய், யார்ரா அது? நில்லு!"

நின்றான். கழியோடு ஒருத்தன் முன்னால் வந்தான். "எங்க போற? போலீஸ்காரனுக்குச் சேதி சொல்லவா?"

"ஆஸ்பத்திரிக்குங்க. பையனுக்கு ஒடம்பு சரியில்லீங்க."

"எல்லாரும் அதான் சொல்றானுங்க."

மரத்தின்மேல் இருந்த இன்னொருத்தன் எழுந்தான். சின்னராசு. கிறிஸ்துதாஸ் களை வெட்டுகிற கரும்புக்கொல்லை அவன் அப்பனுடையது. கிறிஸ்துதாசைவிட ஏழெட்டு வயசு சின்னவன்.

"டேய் கிறிஸ்து, நீயா? புள்ளைக்கி இன்னா?"

"ரத்தமா ஒண்ணுக்குப் போறான்ங்க. காலையில இருந்து."

கழி வைத்திருந்தவன் ஒரு அடி பின்னால் போனான்.

"நான் வுட்டாலும் நீ போவ முடியாதுடா" என்றான் சின்னராசு. "அந்தாண்ட பாலத்தையே வெட்டி வெச்சிக்கிறானுங்க. அதுக்கு அந்தாண்ட போலீஸ் நிக்கிது. ஆம்பளயப் பாத்தா ஏன்னு கேக்காம அடிக்கிறானுங்க."

அரளிக்கொட்டை தின்ற தம்பியின் தலை மாட்டுவண்டியில் ஆடிக்கொண்டு போனது கிறிஸ்துதாசுக்குக் கண்ணெதிரே வந்தது. சைக்கிளைக் கீழே போட்டான். சின்னராசுவின் காலுக்கு முன்னால் தார் ரோட்டில் முட்டி போட்டான்.

"கூட ரெண்டு பேர அனுப்புங்க. ஒங்க ஆளுன்னா பாலத்தத் தாண்டவாச்சும் வுடுவாங்க. எனுக்கு இவன் ஒருத்தன்தாங்க பையன். என் தம்பி இப்டிதாங்க…"

"ஏய், எந்திரிடா. இன்னாடா இது, எந்திரி."

அப்போதுதான் ஏஞ்சலின் ஓடிவந்து அப்பன் முதுகில் விழுந்தாள்.

"கால்ல வுழாதப்பா! நான் சொல்றன். அடிக்கமாட்டன்னு சொல்லு."

"அடிக்கமாட்டன். சொல்லு பாப்பா."

"சாமி மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா அடிக்கமாட்டன். சொல்லுடி!"

"நேத்து வாய்க்கா மோட்டுல சப்பாத்திக்கள்ளிப் பழம் துன்னோம். இவன் ஜாஸ்தி துன்னுட்டான். வாயெல்லாம் செவப்பாச்சு. நீ பாத்துருவன்னு மண்ணுபோட்டுத் தேச்சிக் கழுவிக்கினு வந்தோம்."

மரத்தின்மேல் ஒரு கிழவர் முதலில் சிரித்தார். அப்புறம் ஒவ்வொருத்தராகச் சிரிக்க, கழி வைத்திருந்தவன் கழியை ஊன்றிக்கொண்டு குலுங்கினான்.

"டேய், கள்ளிப்பழமாடா! எனுக்கும் இப்டித்தான் போச்சு. எங்கம்மா மாரியாத்தாவுக்குக் கூழே ஊத்த நேந்துக்கிச்சு!" என்றான்.

"ரத்தம் இல்லடா, அந்தப் பழத்துச் சாயம். ரெண்டு வேள தண்ணி குடிச்சா வெளுத்துரும்" என்றான் சின்னராசு. "நீ பொறந்து வளந்து கள்ளிப்பழம் துன்னதே இல்லியா?"

"இல்லீங்க."

"அட, ஒரு தபாகூடவா?"

கிறிஸ்துதாசால் நம்ப முடியவில்லை. இவர்கள் சிரிக்கிறார்கள், சாகப்போவது தன் பையன். "வயிறு வலிக்குதுங்குறானே?"

"வெதையோட முழுங்கினா வலிக்காம இன்னா பண்ணும்? நாளைக்கி முக்கிக்கினு ஒக்காருவான், பாரு." கிழவர் இறங்கி வந்து டேவிட்டின் விரலைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியில் மயிர் மாதிரி முள் குத்தியிருந்தது. "கள்ளிதாம்ப்பா." உடனே அவர் முகம் மாறியது. "புள்ளே, நடுவுல நட்சத்திரமாட்டம் ஒரு முள்ளு இருக்குமே. அத எடுத்துட்டா குடுத்த? அது தொண்டையில மாட்டிக்கினா வம்பு."

ஏஞ்சலின் பாவாடை முடிச்சை அவிழ்த்தாள். மடித்து வைத்த பூவரச இலை ஒன்று வந்தது. இலைக்குள் காய்ந்த சின்னச் சின்ன முட்கள், ஒவ்வொன்றும் நட்சத்திரம் போல.

"துன்ன பழத்துக்கெல்லாம் முள்ளு கையில இருக்கணும்னு அம்மா சொல்லிக்கீது. நான்தான் ஒண்ணொண்ணா எடுத்துட்டு இவனுக்குக் குடுத்தன். அம்மா வந்தா காட்டலாம்னு வெச்சிக்கினு கீறன். எல்லாம் கீது."

கிறிஸ்துதாஸ் அந்த இலையைக் கையில் வாங்கிப் பார்த்தான். இலையை நன்றாகப் பிரித்ததில் இரண்டு முள் ரோட்டில் விழுந்தது. ஏஞ்சலின் குனிந்து பொறுக்கித் திரும்பவும் இலையில் வைத்தாள். நெஞ்சுக்குள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. இறங்கின வேகத்தில் அவனும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

"போடா, வூட்டுக்குப் போ" என்றான் சின்னராசு. "கள்ளிப்பழத்துக்கு ஒதுக்கீடு கிதுக்கீடு ஒண்ணும் இல்ல. எல்லா சாதியும் துன்னலாம்."

வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சு கிறிஸ்துதாசுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். அன்றைக்கு அவனும் சேர்ந்து சிரித்தான். அண்டாவிலிருந்து ஒரு சொம்பு வடிகஞ்சியை எடுத்து யாரோ பையனிடம் நீட்டினார்கள். டேவிட் மடக் மடக்கென்று குடித்தான்.

திரும்பும்போது மிதிக்கத் தெம்பில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான்.

"எங்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

"தோல உரிப்பேன்னு சொன்னியே."

ஒருவேளை உண்மையிலேயே விஷக்காய் ஒன்றைத் தின்றிருந்தாலும் இவள் இதே பயத்தில் வாயை மூடிக்கொண்டுதானே இருந்திருப்பாள் என்று தோன்றியது.

வாய்க்கால் மேட்டுக்கு வந்ததும் சைக்கிளை நிறுத்தினான். மேற்கே மலை மப்பும் மந்தாரமுமாகக் கிடந்தது. கள்ளிப் புதர் வேலி நெடுகப் போனது, மடல் நுனியெல்லாம் பழம்.

"எப்டிப் பறிச்ச, காட்டு."

"அடிப்பியா?"

"அதான் சத்தியம் பண்ணனே. காட்டு பாப்பா."

ஏஞ்சலின் இரண்டு குச்சியால் பழத்தைக் இடுக்கித் திருகினாள். மண்ணில் போட்டு, புல்லை வைத்து நன்றாகத் தேய்த்தாள். கல்லால் கீறிப் பிளந்தாள். உள்ளே அப்படி ஒரு சிவப்பு. நடுவில் இருந்த நட்சத்திரத்தை நகத்தால் நெம்பி எடுத்து முதலில் அப்பனிடம் கொடுத்தாள்.

"இத கையில வெச்சிக்க. அப்பறம் துன்னு."

வலது கையில் முள்ளைப் பிடித்துக்கொண்டு இடது கையால் வாங்கினான். மூக்கருகே கொண்டுபோனான், எடுத்தான், மறுபடி கொண்டுபோனான். டேவிட் வயிற்று வலியை மறந்து அப்பன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு போட்டான். புளிப்பும் இனிப்புமாக வழவழவென்று இறங்கியது. விதை பல்லில் நறநறத்தது.

"இன்னொண்ணு பறி" என்றான்.

மறுநாள் விடிகாலையில் வேலியோரம் போன கிறிஸ்துதாஸ், தைலம்மாள் கோழி திறந்துவிட எழுந்திருக்கிறாள் என்பதைக்கூடப் பார்க்காமல் கத்தினான்.

"ஏஞ்சலு! டேவிட்டு! எந்திரிங்கடா! எனுக்கும் செவப்பு!"