காரை விட்டு இறங்கிய மருதாயி

கணவனுக்கு இரத்தினபுரி பேக்கரியில் வேலை கிடைத்ததும், மருதாயி கஹவத்தைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு நகருக்குக் குடிவந்தாள். ஒரு மாலை, வாடகைக் கார் ஓட்டும் தம்பி வேலு அவளைக் கடைத்தெருவில் கண்டு ஏற்றிக்கொண்டான்.

வளையல் கடையும் சூடான வடையின் வாசனையும் சட்டென்று பின்னால் போய்விட்டன. பக்கத்து வீட்டுச் சோமாவதி கையசைத்தாள். மருதாயி பதிலுக்குக் கையைத் தூக்குவதற்குள் கார் திரும்பிவிட்டது.

"நிறுத்து தம்பி, நான் எறங்கிக்கிறேன்."

"ஏன்க்கா, கால் வலிக்க நடக்கணுமா?"

"தோட்டத்துல கூடையச் சுமந்துக்கிட்டு கங்காணி சொன்ன பக்கம் நடந்தேன். இப்பதான்டா எனக்குப் புடிச்ச பக்கம் நடக்கிறேன்."

வேலு சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டான்.

மருதாயி வந்த வழியே திரும்பி நடந்தாள். வளையல் கடை முன்னால் எதுவும் வாங்காமல் வெகுநேரம் நின்று பார்த்தாள். அவளை யாரும் விரட்டவில்லை.