அரை டம்ளர்

தையல்காரிக்கு நாற்பத்தேழு வயது. ஒரு மாதமாக இடது இமை தன்பாட்டில் துடிக்கிறது. ஊசியில் நூல் கோக்கப் போனால் விரல் தந்தியடிக்கிறது. "மாதவிடாய் நிற்கப்போற வயசும்மா. சில பேருக்கு இப்படித் துடிப்பும் நடுக்கமும் வரும். டெஸ்ட்ல வேற கோளாறு எதுவும் இல்ல," என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா வந்திருந்தாள். தையல்காரி டீ ஊற்றும்போது கை ஆடி அடுப்பு மேடையெல்லாம் சிந்தியது. டம்ளரில் பாதியோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் ஊற்றினால் கூடம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

அக்கா டம்ளரைப் பார்த்துச் சிரித்தாள். "என்னடி, அம்மா மாதிரியே கஞ்சத்தனம்?"

இவர்கள் பள்ளிக்கூடம் போன கடைசி வருஷங்களில் அம்மா யாருக்கும் முழு டம்ளர் கொடுத்ததில்லை. 'அரை டம்ளர்' என்று பட்டப்பெயர் வைத்து, விருந்தாளிகள் முன்னாலேயே இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"அக்கா, அப்போ அம்மாவுக்கு என்ன வயசு இருக்கும்?"

அக்கா விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடிப்பதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. தங்கையின் கையையே பார்த்தாள்.

"குடிச்சிட்டுக் கேளு, மறுபடி ஊத்தறேன்," என்றாள் தையல்காரி.

அம்மாவும் தினமும் அதைத்தான் சொல்வாள், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு.