சாரிக்கு வேர்ச்சொல்

ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் அவளுக்கு ஒதுக்கியிருந்தது எஸ் எழுத்து. சுண்டைக்காய்ச் சொல்தானே என்று ‘சாரி’யை எடுத்தவளுக்கு அதிலேயே முழு நாளும் போயிற்று. வருத்தம், மன்னிப்பு, பரிதாப நிலை என்று பொருள்களை மளமளவென்று எழுதிவிட்டாள். வேரைத் தேடியபோதுதான் பேனா நின்றது. பழைய ஆங்கிலத்தில் புண்ணையும் வலியையும் குறித்த சொல்லிலிருந்து பிறந்ததாம் அது. மனம் நொந்தவன் என்பதுதான் முதல் பொருள். மன்னிப்புக் கேட்பதெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அவளுக்குத் தம்பியின் ஞாபகம் வந்தது. அப்பா பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவதும் நடக்கப் பழக்குவதும் அவள்தான். பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குச் சனிக்கிழமை லீவு. அன்றைக்கு நான் வருகிறேன் என்பான் தம்பி. சனிக்கிழமை விடிந்ததும் "சாரிக்கா" என்று போனில் வந்து நிற்பான். அவள் லீவு போடுவாள். இவன் சொன்ன சாரிகளை அடுக்கினால் புடவைக் கடையே வைக்கலாம் என்று அப்பா கோணிய வாயோடு சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது.

அந்த வாரமும் போன் வந்தது. காரை சர்வீசுக்கு விட்டிருக்கிறானாம்.

"அந்த வார்த்தைய இனிமே எங்கிட்ட சொல்லாதடா," என்றாள். "மனசு நொந்தவன் சொல்ற வார்த்தை அது. உனக்கு எங்க நொந்துச்சு?"

அவன் சிரித்து மழுப்பப் பார்த்தான். அவள் விடவில்லை. தான் வேலைக்குக் கிளம்புவதாகவும், சாவி எதிர்வீட்டு அம்மாவிடம் இருக்கும் என்றும், மதியச் சாப்பாட்டை அவன்தான் ஊட்ட வேண்டும் என்றும் சொல்லிப் போனை வைத்தாள். அவன் வரும்வரை அப்பாவுடன் இருக்கும்படி எதிர்வீட்டு அம்மாவைக் கேட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

அலுவலகத்தில் அகராதியின் பதிப்பாசிரியர் வந்து நின்றார். அச்சுப் பக்கத்தில் இடமில்லை, ‘சாரி’யின் வேர் பற்றிய வரியை எடுத்துவிடலாம் என்றார்.

"அது இருக்கட்டும் சார். வேணும்னா ஒரு எடுத்துக்காட்ட குறைச்சுக்கறேன்."

அவள் முகத்தைப் பார்த்தவர் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது தம்பி நனைந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தான். பஸ் பிடித்து வந்தானாம், வந்ததிலிருந்து முணுமுணுப்புதானாம். அப்பா சொன்னார். அவர் குளித்துத் தலைவாரி ஜன்னலோரம் இருந்தார்.

"தூக்கவே முடியலக்கா," என்றான் தம்பி. "நீ எப்படி தினமும் ஒத்தையில..."

அடுத்த சனிக்கிழமையும் உன் முறைதான் என்றாள் அவள். ஆபீஸில் ஏதோ வேலை என்று ஆரம்பித்தவன் அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"ஒம்பது மணிக்கு வந்துடறேன்."

"எட்டரைக்கு வா," என்றாள். "அப்பா சீக்கிரம் எழுந்துடுவாரு."