பதினாலாவது உருப்படி

எங்கள் காரின் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தால் ஒரு சத்தம் கேட்கிறது என்று மாமனார் சொல்லத் தொடங்கி நாலு மாதம் ஆகிறது. அவரைத் தவிர வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஒரே ஒரு 'டிங்', கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டிங்', அப்புறம் ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். எதற்கும் உடனே விடை வந்தாக வேண்டும் அவருக்கு. வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் மெயின் ரோட்டில் இரண்டு சுற்று விரட்டு விரட்டென்று விரட்டிவிட்டு வந்து, "ஒரு சத்தமும் இல்ல சார். இருபத்தாறு வருஷ வண்டி, இது ஓடுறதே பெரிய விஷயம்" என்றார். வண்டிக்கு ஒன்றுமில்லை என்றால் அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று இவர் விடை எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார். திங்கட்கிழமைக்கு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினார். அதோடு விட்டிருக்கலாம். மாமனாரிடம் இருந்த வாசல் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"தனியா வெளிய போய் வழி தெரியாம நின்னீங்கன்னா என்னப்பா பண்றது?"

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். வழி தெரியாமல் நிற்பாராம். சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டார். தினமும் காலையில் நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வருகிறவர், மறுநாளிலிருந்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சத்தத்தைப் பற்றிய பேச்சும் நின்றுபோனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவியைப் பிடுங்கியவர் மேல் பாதிக் கோபம், சத்தத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டவர் மேல் மீதிக் கோபம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, அந்த டிங் இப்பவும் கேக்குதா?"

"விடும்மா. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

"சந்தேகம் அது பாட்டுக்கு இருக்கட்டும். எங்க போறப்ப கேக்கும், எங்க கேக்காது? அதச் சொல்லுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானே கேட்டதில்லை.

"நம்ம வீட்டுகிட்ட கேக்கும். வேற எங்கயும் கேக்காது," என்றார் கொஞ்சம் தயங்கி.

உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் அங்கிருந்தபடியே, "வண்டிக்கு நம்ம வீடு எதுன்னு தெரியுமாப்பா?" என்றார். மாமனார் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டிக்கு வீடு தெரியாதுதான். ஆனால் வீட்டுக்கு வருகிற சந்து தெரியுமே. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் பள்ளம். எப்பேர்ப்பட்ட அவசரக்காரரும் அதில் ஊர்ந்துதான் வர வேண்டும். மெக்கானிக்கோ மெயின் ரோட்டில் விரட்டியிருக்கிறார். நான் பல்செட்டு செய்யும் லேபில் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறேன். அங்கே உலோகத்தை உருக்கி அச்சுக்குள் செலுத்துவதற்கு ஒரு சுற்று மெஷின் உண்டு. வேகமாகச் சுற்றினால் உள்ளே இருப்பது விளிம்போடு போய் அப்பிக்கொள்ளும். வேகம் குறைந்தால்தான் கீழே விழும். சக்கரத்துக்குள் ஏதாவது கிடந்தாலும் அப்படித்தானே ஆகும்? இந்த எண்ணம் வந்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்காரர் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனதும் நான் வண்டியை வாசலில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். டயர் மாற்றிப் பழக்கம் உண்டு. பிரேக்கைத் திறந்தது கிடையாது. வண்டியோடு வந்த பழைய புத்தகத்தில் படம் இருந்தது, பாதி எண்ணெய்க் கறையில் மறைந்துபோய். ஆறு வருஷத்துக்கு முன்னால் பின்சக்கரங்களை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூக்களை மாமனாரே மாற்றியிருக்கிறார். அதற்கப்புறம் அதை யாரும் தொடவில்லை. இப்போது அவருக்கு முட்டி மடங்காது. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"திறந்து பாத்து ஒண்ணுமே இல்லன்னா?" என்று கேட்டார்.

"இல்லன்னா மூடிடுவேன்."

"அதில்லம்மா. ஒண்ணுமே இல்லன்னா அவன் சொல்றதுதான் சரின்னு ஆயிடும்."

 அவருக்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் பயப்படுவார் என்று நினைக்கவே இல்லை. ஆனாலும் பாழாய்ப்போன இந்த மனசு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இனி அடங்காது.

இடது பின்சக்கரத்தைக் கழற்றினேன். ஷூக்களை மூடியிருக்கும் சட்டி மாதிரியான டிரம் வருவேனா என்று அடம்பிடித்தது. மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டித் தட்டி இழுத்ததும் கறுப்புத் தூசி பொலபொலவென்று கீழே விரித்திருந்த பேப்பரில் கொட்டியது. லேபில் போடும் முகமூடியைப் போட்டிருந்ததால் மூக்கு தப்பித்தது. பிறகு ஸ்பிரிங், ஷூ, கம்பி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, பேப்பரில் கிடந்ததையும் பொறுக்கி, லேப் தட்டில் அடுக்கினேன். பல்வரிசை மாதிரி வளைவாக, இடது வலது மாறாமல். என் கைக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். மொத்தம் பதினாலு உருப்படி.

எல்லாவற்றையும் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரிசல் இல்லை. உடைசல் இல்லை. ஷூவில் இன்னும் நிறைய கனம் பாக்கி இருந்தது.

"ஒண்ணும் இல்லையா?"

"தெரியல மாமா."

"சரி, மூடிடு." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

மூடினேன். ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டி, விரலை இரண்டு தடவை நசுக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் பூட்டி முடித்துத் தட்டைப் பார்த்தால் ஒன்று மிச்சம் கிடக்கிறது. நடுவில் துளையிட்ட சின்ன வட்டத் தகடு; ஷூவை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் தலையில் உட்காருவது.  பல்செட்டில் ஒரு பல்லை விட்டால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இது பிரேக். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். மறுபடி பூட்டினேன். மறுபடியும் அது மிச்சம்.

"இந்தப் பக்கத்த நம்ப முடியல. அந்தப் பக்கத்தத் திறந்து எண்ணிடறேன்," என்று வலது சக்கரத்துக்குப் போனேன். அங்கே எதையும் கலைக்காமல், விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். பதின்மூன்றுதான்.

அப்படியானால் நான் எதையும் விடவில்லை. இது இருக்கவே கூடாத உருப்படி. தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் துரு. ஓரம் மட்டும் தேய்ந்து, புதுச் சில்லறை போலப் பளபளத்தது. ரொம்ப நாள் எதன் மேலேயோ உருண்டிருக்கிறது.

இடது பக்க டிரம்மை மறுபடி கழற்றி மாமனார் மடியில் பேப்பர் விரித்து வைத்தேன். தகட்டை உள்ளே போட்டேன். "சுத்துங்க மாமா. மெதுவா."

அவர் அதை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்து, ஸ்டியரிங்கைத் திருப்புவது போல நிதானமாகத் திருப்பினார். தகடு விளிம்போடு கொஞ்சம் ஏறியது, சறுக்கியது, விழுந்தது.

டிங்.

நாலு மாதமாக அவர் சொன்ன சத்தத்தை அன்றைக்குத்தான் நான் கேட்டேன். அவர் திருப்புவதை நிறுத்தவில்லை. டிங். கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைக்கவும் இல்லை, கையில் கரி.  பிறகு அவர் தகட்டை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். முகம் மெல்ல மாறியது.

கேட் திறந்தது. வீட்டுக்காரர் வந்தார். இரண்டு சக்கரமும் கழன்று கிடப்பதைப் பார்த்து, "திங்கக்கிழம டாக்டர்கிட்ட எதுல போறதா உத்தேசம்?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் மாமனார் தகட்டைப் போட்டு டிரம்மைத் திருப்பினார். டிங். வீட்டுக்காரர் பையைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவ," என்றார். மூன்று தடவை கேட்டார். நான் சந்தில் ஊர்ந்து வருவதைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் விளக்கினேன். கணக்கு வாத்தியாருக்கு அது சட்டென்று புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது.

"யார் இத உள்ள விட்டது? அந்த மெக்கானிக்கா? போய் நாலு வார்த்த கேட்டுட்டு வரேன்."

மாமனார் சும்மா இருந்திருக்கலாம். சாவி திரும்பி வர ஒரு நிமிஷ மௌனம் போதும். நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"நான்தான்," என்றார் அவர். "அன்னிக்கு ஷூ மாத்தறப்ப ஒண்ணு தொலஞ்சுபோச்சு. தரையெல்லாம் தேடினேன், கிடைக்கல. புதுசு வாங்கிப் போட்டுட்டேன். உள்ள ஏதோ இடுக்குல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அந்தப் பள்ளத்துல விழுந்து விழுந்து இப்ப கழண்டிருக்கு." டிரம்மைக் கீழே இறக்கினார். "காது நல்லாத்தான் இருக்குடா. தப்பு கையோடது."

என் வீட்டுக்காரருக்கு மன்னிப்புக் கேட்கவெல்லாம் வராது. உள்ளே போனார், வாசல் சாவியோடு வந்தார், அப்பாவின் சட்டைப் பையில் போட்டார்.

"திங்கக்கிழமைக்கு வரலன்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேன்பா."

"எதுக்கு? போவோம். இத அவர்கிட்ட காட்ட வேணாமா?"

சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பக்கமும் பூட்டி முடித்தேன். காலி இடத்தில் பத்துத் தடவை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மாமனாரை ஏற்றினேன். அதே பின்சீட், அதே இடது பக்கம். சந்துக்குள் ஊர்ந்து வந்தோம். பள்ளத்தில் ஏறி இறங்கினோம். வாசலில் நிறுத்தியதும் திரும்பிப் பார்த்தேன்.

"கேக்கலம்மா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம், அப்புறம் ஒரு டிங். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. எனக்குத் திக்கென்றது. எட்டிப் பார்த்தால் மாமனார் கேட்டைப் பூட்டிவிட்டு சந்தில் நடந்து போய்க்கொண்டிருக்கிறார். கையில் சாவி வளையம் ஆடுகிறது. அதில் சாவியோடு அந்தத் தகட்டையும் கோத்திருக்கிறார்.

பரீட்சைத் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா பேப்பர் வாங்கக் கிளம்பிட்டாரு," என்றார் என் வீட்டுக்காரர்.