எப்படி என்று கேட்காதவள்

"பையன் ஃப்ளைட் எப்போம்மா? அதுவரைக்கும் ஃப்ரீசர் பாக்ஸ்ல வச்சுடலாமோன்னோ?" என்று எதிர் ஃப்ளாட் சம்பத் மாமா கேட்டபோது, ஜோதி தன் அம்மாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை லிஃப்ட் பக்கம் கூட்டிப்போய், கதவை ஒருக்களித்துச் சாத்தி, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அண்ணன் வரமாட்டான் மாமா. அவன் தவறிப்போய் ஒண்ணரை வருஷமாச்சு. அம்மாவுக்குத் தெரியாது."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. யார் காதில் விழுந்துவிடும் என்று இந்தக் கிசுகிசுப்பு? கூடத்தில் கிடக்கிற அம்மா இருசம்மாள் விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்தாயிற்று. ஒன்றரை வருஷமாகக் குரலை அடக்கி அடக்கி, தொண்டைக்கு அதுவே பழகிப்போய்விட்டது.

சம்பத் மாமா அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "போன ஞாயித்துக்கிழமைகூட பாலு ஃபோன் பண்ணினான்னு சொன்னாளே உங்கம்மா? நன்னா இருக்கானாம்னு சொல்லிண்டிருந்தாளே" என்றார். ஜோதியிடமும் அம்மா அதைச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை.

பாலு மஸ்கட்டில் ஏசி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவன். உருளைக்கிழங்கு வறுவல் முறுகலாக இல்லாவிட்டால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுகிறவன். ஒரு ராத்திரி படுத்தான், காலையில் எழுந்திருக்கவில்லை. பெட்டி திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி, அங்கிருந்தே நேராகச் சுடுகாட்டுக்குப் போனது. அன்று மத்தியானம் ஜோதி தலைக்குக் குளித்துவிட்டு அம்மாவுக்கு ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள். ஆபீஸில் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை, அதுதான் கண் சிவந்திருக்கிறது என்று ஒரு பொய். அம்மாவின் இதயம் ரொம்ப பலவீனம், பெரிய அதிர்ச்சி எதுவும் தாங்காது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். பிள்ளையோடு சேர்த்துத் தாயையும் தூக்கிக் கொடுக்க ஜோதி தயாராக இல்லை.

அப்போது அம்மா இருந்தது கைலாசபுரத்தை ஒட்டின வீட்டில். அப்பா ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அந்தத் தெருவில் எல்லோருக்கும் பாலுவைத் தெரியும். எவளாவது ஒருத்தி வாய்தவறி விசாரித்தாலே போதும். ஜோதி ஒரே வாரத்தில் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் இந்த ஃப்ளாட்டைப் பிடித்தாள். காவிரி பக்கம், பெருமாள் பக்கம் என்று ஆசை காட்டி அம்மாவைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. முப்பது நாற்பது வருஷத்துச் சிநேகிதிகளையெல்லாம் விட்டுவிட்டு, முகம் தெரியாத ஊருக்கு ஒரு பையோடு வந்து உட்கார்ந்தாள்.

அமலராணியை அம்மாவோடேயே தங்கிப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு வைத்தது அதற்கப்புறம்தான். அக்கரையில் இருக்கிற தன் வீட்டுக்குப் போகுமுன், ஆபீஸ் விட்டு ஜோதி சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போவாள். இந்த இடத்தில் ஜோதியின் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு தனியார் ஃபைனான்ஸ் கம்பெனியில் அவள் ஊழியர் நிர்வாக மேனேஜர். முன்பெல்லாம் அங்கே ஒரு வசூல் ஊழியருடைய ஜாப் டிஸ்கிரிப்ஷன் என்றால், கடன்காரர் வீட்டுக்குப் போக வேண்டும், ரசீது எழுத வேண்டும், சாயங்காலம் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக ஓடும். ஜோதி அத்தனையையும் கிழித்துப்போட்டாள். ஆளுக்கு ஒரே பக்கம். நீ என்ன செய்கிறாய் என்பது வேண்டாம், நீ செய்து முடித்தபின் என்ன இருக்க வேண்டும் என்பது மட்டும் போதும். 'மாதக் கடைசியில் உன் லைனில் தவணை நிற்கக்கூடாது.' அவ்வளவுதான். எப்படி என்பது உன் விருப்பம். முதலாளிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வசூல் ஏறியது. எப்படி ஏறியது என்று அவளும் கேட்கவில்லை. கேட்பது அவள் முறைக்கே விரோதம்.

கடன்காரர் தெருக்களைச் சுற்றி வருகிற அந்த லைன்களில், வசூலில் முதல் ஆள் டோமினிக். அவனுடைய மனைவிதான் அமலராணி, பாலக்கரையில் வீடு. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவள் என்று அவனே சொல்லி அனுப்பினான். ஜோதி பழக்கதோஷத்தில் அவளுக்கும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். படுக்கைப் புண் வரக்கூடாது. சுகர் ஏறக்கூடாது. பாலு செத்தது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. மூன்றாவதைப் படித்துவிட்டு அமலராணி நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க மகனைக் கேட்டா என்னங்கக்கா சொல்றது?" என்றதற்கு, "அது உங்க சாமர்த்தியம் அமலா" என்று சொல்லிவிட்டு ஜோதி ஆபீஸுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

கொஞ்ச நாளிலேயே அம்மா, பாலு பேசினான் என்று சொல்ல ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜோதி வந்தால் முதல் பேச்சே அதுதான். அங்கே வெயில் தாங்கவில்லையாம், மீன் வாங்கிச் சமைத்தானாம். அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று ஜோதி நினைத்தாள். சில நாள் அப்படியும் நினைக்க முடியாது. அம்மாவின் கண் அவ்வளவு தெளிவாக இருக்கும். அந்த மாதிரி நாட்களில் வண்டியைக் காவிரிப் பாலத்தில் ஓட்டிக்கொண்டு திரும்பும்போது, பின் ஸீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். சாகும்போது பாலுவை யாரும் தொடவில்லை, வந்தவனை யாரும் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. அவன் வராமல் என்ன செய்வான் என்று தோன்றும். ஆனாலும் அமலராணியிடம் அவள் விசாரிக்கவில்லை. அம்மா அழவில்லை, அம்மாவுக்குத் தெரியவில்லை. அதற்குமேல் கிளறினால் என்ன வெளியே வருமோ என்று பயமாக இருந்தது.

சித்தப்பா மகன் பூவரசன் துவாக்குடியிலிருந்து வந்து சேர்ந்தான். கொள்ளி அவன் வைப்பதாகப் பேச்சு. அம்மாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசாத முகத்தில் விபூதி வைத்து, புதுப்புடவை போர்த்தினார்கள். கூட்டம் ஒன்றும் அதிகமில்லை. கைலாசபுரத்துத் தெருவாக இருந்திருந்தால் உள்ளே நுழைய இடம் இருந்திருக்காது. அந்தத் தனிமையை அம்மாவுக்குக் கொடுத்தது தான்தான் என்று ஜோதி நினைத்துக்கொண்டாள்.

தூக்குகிற நேரம். பூவரசன் தலைமாட்டுப் பக்கம் குனிந்தான். அப்போது மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மோய்..."

அந்த இழுப்பு, கடைசியில் அந்தச் சின்ன ஏற்றம், பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது பாலு போடுகிற சத்தம். உலகத்தில் வேறு யாரும் அம்மாவை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஜோதி திரும்பிப் பார்த்தாள். மாலையும் கையுமாக டோமினிக் நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் கண்ணீர். ஆபீஸில் ஒருநாளும் முகம் வாடாதவன், மாலையை அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு, ஜோதியின் கண்ணைப் பார்க்க முடியாமல் ஒதுங்கிப்போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தான்.

வண்டி கொள்ளிடக்கரைக்குப் போன பிறகு, வீடு கழுவுகிற வேலையில் அமலராணியும் ஜோதியும் மட்டும் மிஞ்சினார்கள். அமலராணி தானாகவே ஆரம்பித்தாள். வந்த புதிதில் அம்மா மகனைக் கேட்டு ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லையாம். என்ன செய்வது என்று தெரியாமல், புருஷனை விட்டு ஃபோனில் பாலு மாதிரி பேசச் சொன்னாளாம். வசூல் லைனில் ஆயிரம் பேரிடம் பேசிப் பேசிக் குரலை எப்படி வேண்டுமானாலும் வளைப்பான் அவன். முதல் தடவை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டானாம். அம்மா ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னடா புதுசா, அம்மோய்னு கூப்பிடு என்றாளாம். அப்புறம் சாப்பிட்டாளாம்.

"தப்புன்னா மன்னிச்சிடுங்கக்கா. அவருக்குத் தாய் இல்ல. கடைசில அவரே ஞாயித்துக்கெழமை எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருப்பாரு."

ஜோதிக்குக் கோபம் வரவில்லை. பின் ஸீட்டில் யாருமில்லை என்பதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதற்காகத்தான் தெருவை மாற்றினாள், ஊரை மாற்றினாள், அழுகையை விழுங்கினாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"கடைசி வரைக்கும் அம்மாவுக்குத் தெரியலைல்ல அமலா?"

"மாதா சத்தியமா தெரியலைங்கக்கா. காலைல காபி கேட்டாங்க. ஆத்திக்கிட்டு வர்றதுக்குள்ள கண்ண மூடிட்டாங்க. மொகத்துல ஒரு சுணக்கம் கெடையாது."

ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக ஜோதிக்குப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. அம்மா பிள்ளையைப் பறிகொடுக்காமலே போய்விட்டாள். அது போதும், வேறு எது எப்படிப் போனாலும் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தரையைத் தேய்த்தாள்.

அமலராணி பால்கனிக் கதவைத் திறந்து தண்ணீரை வெளியே தள்ளினாள். பிறகு, உங்க வழக்கமெல்லாம் எனக்குச் சரியாத் தெரியாதுங்கக்கா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வர்ற அமாவாசைக்கு மூணு எலையா போடணுங்களா?"

"எதுக்கு மூணு?"

"இப்ப ரெண்டு போடுறோமில்ல, அதோட அம்மாவுக்கும் சேத்து."

அமாவாசைக்கு அப்பாவுக்கு ஒரு இலை, காக்காய்க்கு வைக்கிறது. அம்மா எந்த வீட்டில் இருந்தாலும் அது நிற்காது. ஒரு இலைதான். ஜோதிக்குத் தெரிந்து என்றைக்கும் ஒன்றே ஒன்றுதான்.

"ரெண்டா?" என்றாள்.

"ஆமாங்க. ஐயாவுக்கு ஒண்ணு, ஐயாவோட அப்பாவுக்கு ஒண்ணுன்னு நான் நெனச்சிக்கிட்டேன். இந்த வீட்டுக்கு வந்த மொத அமாவாசைலேருந்தே ரெண்டுதான். ரெண்டாவதுல உருளைக்கெழங்கு வறுவல் கண்டிப்பா வைக்கணும்பாங்க, நல்லா முறுகலா. அவங்களே கையால எடுத்து வைப்பாங்க. நீங்க வர்றதுக்குள்ள எடுத்துப் போட்டுடணும். ஆபீஸ்ல அலுத்துப்போய் வர்றவ, அவ கண்ணுல இது படவேணாம்னு சொல்லுவாங்க."

அமலராணி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வறுவலுக்கு எந்தக் கடையில் கிழங்கு வாங்குவது என்பது வரைக்கும் அம்மாவுக்கு ஒரு கணக்கு இருந்ததாம். ஜோதி பால்கனிக் கட்டையைப் பார்த்தாள். கழுவின ஈரத்தில் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையென்று பறந்துபோனது. ஜோதி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஈரமா இருக்குங்கக்கா, பொடவ நனையுது" என்றாள் அமலராணி.

ஜோதி எழுந்திருக்கவில்லை. "மூணு போடுங்க" என்றாள்.